பிசையத் தெரிந்தவர்களுக்கு கிரீம் ஸ்கோன்

ஸ்கோன் செய்து பார்த்து, கல்லாகிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் நன்றாகச் சமைக்கிறவர்கள்தான். சப்பாத்தி மிருதுவாக வரும், பரோட்டா இழை இழையாகப் பிரியும். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே வினை. மாவைக் கண்டதும் உள்ளங்கை தானாக அழுத்த ஆரம்பித்துவிடுகிறது. ஸ்கோனுக்குப் பாதி வேலையிலேயே கையை எடுத்துவிடத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் சுலபம்.

வழக்கமான ஆங்கிலேய ஸ்கோனில் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்க்கச் சொல்வார்கள். நம் ஊர் மே மாதத்தில் அதை முயல வேண்டாம். விரல் பட்டதும் வெண்ணெய் உருகி வழியும். கிரீம் ஸ்கோனில் அந்த வேலையே கிடையாது. மாவுக்கு வேண்டிய கொழுப்பும் ஈரமும் கிரீமிலேயே சேர்ந்து இருக்கின்றன. கலக்க வேண்டியது, தட்ட வேண்டியது, வெட்ட வேண்டியது, அவ்வளவுதான்.

எட்டு ஸ்கோனுக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டி 3 தேக்கரண்டி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கிரீம் 300 மில்லி. முட்டை வேண்டாம். வெனிலா எசன்ஸ் வேண்டவே வேண்டாம். நல்ல கிரீமின் வாசனையை அது விழுங்கிவிடும். உலர் திராட்சை பிடிக்குமென்றால் ஒரு கைப்பிடி போடலாம். ஊறவைத்துப் போடுகிறவர்கள் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு போடுங்கள்.

கிரீம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. இங்கிலாந்துச் சமையல் புத்தகத்தில் டபுள் கிரீம் என்றிருந்தால் அதில் கொழுப்பு 48 சதவீதம். விப்பிங் கிரீம் என்றால் சுமார் 35. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அமுல் ஃபிரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான். அதை அப்படியே 300 மில்லி ஊற்றினால் தண்ணீர் கூடி, கொழுப்பு குறைந்து, ஸ்கோன் ரொட்டித் துண்டு மாதிரி ஆகிவிடும். வழி எளிது: 250 மில்லி பாக்கெட் ஒன்றை முழுதாக எடுத்துக்கொண்டு, 50 கிராம் வெண்ணெயை உருக்கிச் சேர்த்தால் கொழுப்பு ஏறக்குறைய 34 சதவீதத்துக்கு வந்துவிடும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமில் உருக்கிய வெண்ணெய் விழுந்ததும் சின்னச் சின்னத் துணுக்குகளாக உறையும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். அந்தத் துணுக்குகள் அடுப்பில் உருகும் இடங்களில்தான் ஸ்கோன் பொறுபொறுவென்று உதிரும்.

கேக் அலங்காரத்துக்கு விற்கும், பால் சேராத இனிப்பு விப்பிங் கிரீமை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் இருப்பது தாவரக் கொழுப்பும் சர்க்கரையும். வீட்டுப் பாலாடையையும் மாவில் போட வேண்டாம். ஒருநாள் கெட்டி, ஒருநாள் நீர், அளவு நிற்காது. பாலாடைக்குக் கடைசியில் வேறு வேலை இருக்கிறது.

பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசியுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போட்டால் சீறிப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் டப்பாவைக் குப்பையில் போடுங்கள். அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் நாக்கில் கசப்பு தட்டும்.

அடுப்பை முதலிலேயே 220 டிகிரியில் போட்டுவிடுங்கள், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். ஓ.டி.ஜி.யில் விளக்கு அணைந்ததும் சூடேறிவிட்டது என்று நம்பாமல் முழுதாக இருபது நிமிடம் விடுங்கள். கன்வெக்‌ஷன் உள்ள மைக்ரோவேவ் என்றால் 200 டிகிரி போதும்.

இனி மாவு. அகலமான பாத்திரத்தில் மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, உப்பு நான்கையும் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். சலிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கட்டி உடைந்து எல்லாம் சேர்ந்தால் சரி. எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம் என்பது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான், ஆசை தீரக் கலந்துகொள்ளுங்கள். கிரீம் விழுந்த பிறகு அந்தச் சுதந்திரம் கிடையாது.

நடுவில் குழி செய்து கிரீமை ஊற்றுங்கள். மூன்று நான்கு மேசைக்கரண்டியைக் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு மைதாவும் ஒவ்வொரு மாதிரி ஈரம் குடிக்கும். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. கரண்டி வேண்டாம், மழுங்கிய மேசைக் கத்தியோ முள்கரண்டியோ எடுத்து, பாத்திரத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று போதும். இப்போது பாத்திரத்தில் இருப்பது பார்க்க நன்றாக இருக்காது. அங்கங்கே திரள், அங்கங்கே வறண்ட மாவு, அடியில் ஒட்டாத தூள். புட்டு மாவுக்கும் கொழுக்கட்டை மாவுக்கும் நடுவே நிற்கும் ஒன்று. இந்த நிலையில்தான் நிறுத்த வேண்டும், இந்த நிலையில்தான் யாருக்கும் நிறுத்த மனம் வருவதில்லை. இன்னும் கொஞ்சம் சேர்ந்து வரட்டுமே என்று இரண்டு அமுக்கு அமுக்கினால் மாவு வழவழவென்று அழகாகத் திரளும். அழகு வந்துவிட்டதென்றால் ஸ்கோன் போய்விட்டது.

காரணம் மைதாவிலுள்ள புரதம். ஈரம் பட்டு, அழுத்தமும் கிடைத்தால் அது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவையாகும். பரோட்டாவை வீச முடிவது அந்த இழுவையால்தான். ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கும் அது வேண்டும். மணிக்கணக்கில் மெல்ல எழும்பும் காற்றைப் பிடித்துவைக்க அந்த வலை தேவை. பேக்கிங் பவுடர் அப்படிக் காத்திருப்பதில்லை. 1843இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக அதை உருவாக்கினார். ஈரமும் சூடும் பட்ட சில நிமிடங்களில் அது காற்றை வெளியே தள்ளிவிடும். மாவு தளர்வாக இருந்தால் அந்த வேகத்தில் எழும்பும். இறுகிக் கிடந்தால் எழும்ப வழியில்லாமல் அமுங்கிப்போகும். கிரீமின் கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் படிந்து ஓரளவு பின்னலைத் தடுக்கும். ஆனால் பலமான கைக்கு முன்னால் கொழுப்பு என்ன செய்ய முடியும்?

அடுக்களை மேடையில் கொஞ்சம் மாவு தூவி, பாத்திரத்திலுள்ளதை அப்படியே கவிழுங்கள். அடியில் உதிரியாகக் கிடப்பதன் மேல் மட்டும் நிறுத்திவைத்த கிரீமைத் துளித்துளியாகத் தெளியுங்கள். இரு கைகளாலும் பக்கங்களிலிருந்து நடுவுக்கு ஒதுக்கி, மேலே லேசாகத் தட்டி, பாதியாக மடியுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி தட்டி மடியுங்கள். நான்கு முறை, மிஞ்சினால் ஐந்து. உள்ளங்கை மாவைத் தள்ளக் கூடாது. விரல்கள்தான் வேலை செய்ய வேண்டும். இந்த மடிப்பினால் உதிரி மாவும் சேர்ந்துவிடும், உள்ளே அடுக்கும் வரும், பிறகு ஸ்கோனைக் கையால் பிரிக்கும்போது நடுவில் தானாக விட்டுக்கொடுக்கும்.

விரலில் ஒட்டுகிறதே என்று மாவுக்கு மேல் மாவாகத் தூவிக்கொண்டே போவது அடுத்த வம்பு. கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும். கையில் மாவைத் தொட்டுக்கொள்ளுங்கள், ஸ்கோன் மாவில் கொட்டாதீர்கள். ஒட்டாத மாவிலிருந்து வறண்ட ஸ்கோன்தான் வரும்.

பிறகு 18 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமாகத் தட்டிக்கொள்ளுங்கள். கனம் இரண்டரை சென்டிமீட்டர். பூரிக்கட்டை வேண்டாம். கனத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம். மெல்லிதாகத் தட்டினால் பிஸ்கட்தான் கிடைக்கும்.

டம்ளரால் வட்ட வட்டமாக வெட்டுவது பார்க்க அழகு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மறுபடி திரட்ட வேண்டியிருக்கும். அந்த இரண்டாம் சுற்று ஸ்கோன்கள் எப்போதும் கோணல், எப்போதும் கெட்டி. பெரிய கத்தியால் எட்டு முக்கோணமாக வெட்டினால் ஒரு துளி மீதமில்லை. கத்தியை அறுப்பதுபோல் இழுக்காமல் நேராக மேலிருந்து இறக்குங்கள். வட்டம்தான் வேண்டும் என்பவர்கள் விளிம்பு மெல்லிய டம்ளரை மாவில் தொட்டு நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். திருகினால் வெட்டிய ஓரம் மூடிக்கொண்டு, ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும்.

துண்டுகளைத் தட்டோடு ஃபிரீசரில் பதினைந்து நிமிடம் வையுங்கள். வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது இதை விடவே கூடாது. டிசம்பரில் ஊட்டியில் இருப்பவர்கள் விட்டுவிடலாம்.

மேலே மட்டும் கிரீமைத் தடவி, கொஞ்சம் சர்க்கரை தூவி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் விரலிடை விட்டு அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தாங்கி உயரமாக எழும்பும். பதினான்கிலிருந்து பதினாறு நிமிடம். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி கிட்டத்தில் இருப்பதால் பத்தாவது நிமிடத்திலேயே தலை கறுக்க ஆரம்பிக்கும். அலுமினியத் தாளை லேசாக மேலே போர்த்துங்கள். மேல் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், பொன்னிறம் ஏறியிருந்தால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் கம்பித் தட்டில் ஆறட்டும். ஆறும் முன் பிரித்தால் உள்ளே மாவாக ஒட்டும்.

ஓவனே இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஆரம்ப கால ஸ்கோன்கள் கனமான இரும்புக் கல்லில் சுடப்பட்டவைதான். அங்கே இன்றும் அப்படிச் சுடுகிறவர்கள் உண்டு. நம் இரும்பு தோசைக்கல் அதற்குப் பொருத்தமானது. கனத்தை ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைத்து, எண்ணெய் விடாமல், மிகச் சிறு தீயில் ஒவ்வொரு பக்கமும் ஆறேழு நிமிடம் சுடுங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் தோசையே வார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிடும்போது கத்தியால் அறுக்காமல் கையால் இரண்டாகப் பிரியுங்கள். டெவன் பகுதியில் முதலில் கிரீமைத் தடவி அதன்மேல் ஜாமை வைப்பார்கள். பக்கத்துக் கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே கிரீம். இதை வைத்து இரு ஊர்க்காரர்களும் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சூடான ஸ்கோனில் கிரீம் உருகி ஓடிவிடும் என்பதால் நான் கார்ன்வால் கட்சி. அவர்கள் வைப்பது கிளாட்டட் கிரீம். கிரீமை மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து, ஆறவிட்டு, மேலே திரளும் ஏட்டை எடுப்பார்கள். கார்ன்வால் கிளாட்டட் கிரீமில் கொழுப்பு குறைந்தது 55 சதவீதம் இருக்கும். இங்கே அது கிடைப்பது அபூர்வம். முன்பு ஒதுக்கிவைத்த பாலாடை இப்போது உதவும்: முழுக் கொழுப்புப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த கெட்டி ஏடு, அன்று எடுத்ததாக இருக்க வேண்டும். ஜாம் புளிப்பாக இருந்தால்தான் எடுக்கும். பிளம்ஸ் ஜாம் கிடைத்தால் விடாதீர்கள். வெறும் சர்க்கரையாக இனிக்கும் கலவைப் பழ ஜாம் இதற்குச் சரிவராது.

ஸ்கோன் அன்றன்றைக்குத்தான். மறுநாளைக்கு மீந்தால் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள்; மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். மொத்தமாகச் சுட்டு அடுக்குவதைவிட, வெட்டிய பச்சைத் துண்டுகளை ஃபிரீசரில் கல்லாக உறையவைத்து, மூடிய டப்பாவில் போட்டுவிடுவது நல்லது. ஒரு மாதம் தாங்கும். விருந்தாளி வந்ததும் வேண்டிய அளவு எடுத்து, உருகவிடாமல் அப்படியே சூடான அடுப்பில் வையுங்கள், மூன்று நான்கு நிமிடம் மட்டும் கூடுதலாக.