கூண்டுப் பறவைக்கு இரவுக் காவல்: வெப்கேமராவைப் பயன்படுத்துவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அதனுடன் ஒரு வெப்கேமராவும் வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுடன் இரண்டு முறை பேசிவிட்டு, பிறகு மானிட்டரின் தலையில் தூசி படிய விட்டிருப்பவர்கள் நம்மில் பலர். அந்தக் கேமராவுக்கு இந்த மாதம் ஒரு நல்ல வேலை தருவோம். வீட்டுக் கொல்லையில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தைச் செய்து பார்க்கவும்.

முதலில் இது ஏன் தேவை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூண்டில் ஒரு நாள் காலை ஒரு நீலப் பறவை பாதி தின்னப்பட்ட நிலையில் கிடந்தது. கூண்டின் கதவு பூட்டியபடியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனைதான் என்று முடிவு கட்டி, அந்த வீட்டு அக்காவிடம் போய் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். "எங்க பூனை ராத்திரி வீட்டுக்குள்ளதான் தம்பி படுத்திருக்கும்" என்றார் அவர். நான் நம்பவில்லை. பத்து நாளில் இன்னொன்றும் போனது. அதன் பிறகுதான் கேமராவை வைத்தேன்.

வைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கேபிள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டர் வரைதான் சரியாக வேலை செய்யும். அதைவிடத் தூரம் என்றால் ரிப்பீட்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, வெளிச்சம். சாதாரண வெப்கேமராவுக்கு இருட்டில் கண் தெரியாது. கூண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கும்மிருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் பறவைகள் மிரண்டு கம்பியில் மோதிக் காயப்படும். காக்டெயில் பறவைகளுக்கு இந்தப் பயம் அதிகம். மங்கிய விளக்கு இருந்தால் இது குறையும். மூன்று, மழை. கேமராவை ஜன்னலின் உள்பக்கம் வைப்பதே நல்லது. ஆனால் கண்ணாடி மூடியிருந்தால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் முகம்தான் பதிவாகும்.

கேமரா உங்கள் கூண்டை மட்டும் பார்க்கட்டும். பக்கத்து வீட்டு வாசல் தெரியும்படி வைக்க வேண்டாம். ஏற்கனவே பூனையால் வந்த சண்டை போதும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று வரிசையாகச் செல்லவும். ஸ்லீப் என்ற இடத்தில் நெவர் என்று தேர்ந்தெடுக்கவும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் தூங்கிய சிறிது நேரத்தில் கம்ப்யூட்டரும் தூங்கிவிடும். மானிட்டர் அணைந்தால் பரவாயில்லை. லேப்டாப் என்றால் மூடியை மூடாதீர்கள். அடுத்து, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் கேமரா என்பதைக் கிளிக் செய்து, டெஸ்க்டாப் புரோகிராம்கள் கேமராவைப் பயன்படுத்த அனுமதி ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்க்கவும்.

விண்டோஸுடன் வரும் கேமரா புரோகிராமில் வீடியோ எடுக்கலாம். ஆனால் அது இரவு முழுவதையும் எடுத்துத் தள்ளும். ஒரு கணக்குப் போடுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். (8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதை மறக்க வேண்டாம்.) பத்து மணி நேரத்துக்கு 4.5 ஜிகாபைட். இடத்தைவிடப் பெரிய பிரச்னை, காலையில் பத்து மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பது?

எனவே, அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும் புரோகிராம் வேண்டும். ஏஜென்ட் டி.வி.ஆர். என்ற புரோகிராம் சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்குள் மட்டும் பார்ப்பதற்கு இலவசம். அதைத் தயாரிக்கும் ஐஸ்பைகனெக்ட் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்திடுங்கள். இன்ஸ்டால் ஆனதும் இது தனி விண்டோவாகத் திறக்காது, பிரவுசரில்தான் தெரியும். அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, முக்காற்புள்ளி இட்டு, 8090 என்ற எண்ணைக் கொடுத்து என்டர் தட்டவும். புதிதாகக் கேமரா சேர்க்கும் இடத்தில் உங்கள் வெப்கேமராவைத் தேர்ந்தெடுத்து, அசைவு கண்டால் மட்டும் பதிவு என்று அமைத்திடுங்கள்.

இங்கேதான் பலரும் தவறு செய்வார்கள். நானும் செய்தேன். முதல் நாள் காலையில் நூற்றுக்கு மேல் பைல்கள்! எல்லாவற்றிலும் பறவைகள் சிறகடிப்பதும், விளக்கைச் சுற்றும் பூச்சிகளும்தான். அசைவைக் கவனிக்க வேண்டிய பகுதியை மவுஸால் வரைந்து காட்டும் வசதி இதில் இருக்கிறது. கூண்டின் உள்பகுதியை விட்டுவிடுங்கள். கூண்டைச் சுற்றிய தரை, மதில் மேல்பகுதி, கூண்டின் கூரை இவற்றை மட்டும் வரைந்து கொடுங்கள். சென்சிட்டிவிட்டி அளவையும் சற்றுக் குறைத்தால் இலை அசைவது பதிவாகாது. மறுநாள் எனக்கு ஏழே பைல்கள்தான் கிடைத்தன.

மூன்றாம் இரவின் பைலில் ஆள் மாட்டிக்கொண்டது. பூனை இல்லை, பெருச்சாளி. கூண்டின் அடித்தட்டை இழுத்து வெளியே எடுக்கும் இடைவெளி வழியாக நுழையப் பார்த்தது. அதே இரவு பூனையும் வந்திருக்கிறது. ஆனால் மதில்மேல் உட்கார்ந்து பெருச்சாளியைத்தான் பார்த்துக் கொண்டிருந்தது. அந்த வீடியோவை அக்காவிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "அப்பவே சொன்னேனே" என்று சிரித்தார். "ஆனா இது எங்க பூனை இல்ல தம்பி, எங்கதுக்கு வால்ல வெள்ளை இருக்கும்" என்றார். இரண்டு நாள் கழித்து அந்த அநாமதேயப் பூனை கூண்டின் கூரைமேல் குதித்து, வலைக்குள் கையை விட்டுத் துழாவியதும் பதிவாயிற்று. ஆக, அதையும் நம்ப முடியாது.

பைல்களைப் பார்க்கும்போது நாள், நேரம், வந்தது யார் என்று எக்ஸெலில் மூன்று காலங்களில் குறித்துக் கொள்ளுங்கள். பத்து நாளானதும் டேட்டா டேப்பில் சார்ட் கொடுத்து நேர வரிசைப்படுத்துங்கள். எந்த நேரத்தில் யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். எங்கள் பெருச்சாளி பெரும்பாலும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வந்தது. சாரைப்பாம்பு பகலில் அலைவது. வல்லூறும் காகமும் பகலில்தான். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலும் கேமராவை ஓட விடுங்கள்.

ஆள் யாரென்று தெரிந்தபின் கூண்டைத் திருத்த வேண்டும். கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை உதவாது. அரை அங்குல வெல்ட் மெஷ் எலியையும் பெருச்சாளியையும் நிறுத்தும். ஆனால் சுண்டெலியும் பாம்புக்குட்டியும் அதில் நுழையும். பாம்புத் தொல்லை உள்ள இடத்தில் கால் அங்குலம் போடுங்கள். (மெலிந்து உள்ளே போகும் பாம்பு, பறவையை விழுங்கிய பிறகு வெளியே வர முடியாமல் காலையில் கூண்டிலேயே சுருண்டு கிடக்கும். அடிக்காதீர்கள், அது குற்றம். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள்.) பூனைக்கு ஒரு வலை போதாது. இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் வெளியே இன்னொரு வலை அடித்தால்தான் நகம் உள்ளே எட்டாது. பறவை உட்காரும் குச்சியைக் கூண்டின் நடுவில் கட்டவும். கூரையில் ஒரு பகுதிக்காவது தகடு போட்டால் வல்லூறைக் கண்டு மிரளும் பறவைகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகளை எறும்பு அண்டாது. சிந்திய தினையை மாலையிலேயே பெருக்கி விடுங்கள். தினைக்கு எலி, எலிக்குப் பூனையும் பாம்பும் என்று வரிசையாக வருவார்கள். எலி மருந்து மட்டும் வைக்க வேண்டாம். செத்த எலியைத் தின்று அக்கா வீட்டுப் பூனையும் போகும்.

நாய் குரைக்கும் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட விடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பூனை சில நாட்களில் பழகிவிடும், பறவைகள்தான் பழகாது.

பூனை நகமோ பல்லோ பட்ட பறவையை, காயம் சிறிதாகத் தெரிந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை வாயில் உள்ள பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த லவ் பேர்ட்ஸ், காக்டெயில் போன்றவற்றுக்குச் சொன்னவை. பச்சைக்கிளி, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வெப்கேமரா இல்லாதவர்கள் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆல்பிரட் போன்ற செயலியைப் போட்டும் இதைச் செய்யலாம். போனைச் சார்ஜரில் செருகியபடி வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும்.