விழித்திருக்கும் இரவுகளும் இனிப்பு நீரும்

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனப் பயணம் செய்தால் சாலையோரம் எங்கும் செம்பனை மரங்கள் கண்ணில் படும். பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்குள்ள, பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். ஆனால், அதன்பின் பல ஆண்டுகள் வரையிலும் இவ்வட்டாரத் தமிழர் பலருக்குச் சோறு போட்டது இரப்பர்தான்.

பால்மரம் வெட்டுபவரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே, இருட்டிலேயே பெரட்டுக்கு ஆள் கூடும். அதற்கேற்ப லயங்களில் விளக்குகளும் முன்னிரவிலேயே அணைந்துவிடும். அந்த வாழ்க்கையில் வறுமையும் நோயும் நிறைந்திருந்தன. அதை இனிமையானதாகக் கருத வேண்டியதில்லை. ஆயினும், உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பலர் இன்று தொழிற்சாலையிலோ பாதுகாவலராகவோ முறை மாற்றி வேலை செய்கின்றனர். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. கண் சொருகாமல் இருக்க நள்ளிரவில் கெட்டிப்பால் கலந்த தேத்தண்ணி. பசித்தால் மாமாக் கடையில் ரொட்டி சானாய். தேநீரில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். வேலை முடிந்து படுக்கையில் விழும்போதும் அது விழித்துக்கொண்டிருக்கும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே இந்நோய் மிகுதி. நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகிய மூன்றைப் பற்றியும் கிளினிக்கில் பேசுகிறார்கள். உறக்கத்தைப் பற்றி நோயாளியும் சொல்வதில்லை. பல வேளைகளில் யாரும் கேட்பதுமில்லை.

உறக்கத்திற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் கோட்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டனர். நோயே இல்லாத அந்த இளைஞர்களின் உடல், இரத்தத்திலுள்ள குளுக்கோஸை வழக்கத்தைவிட மெதுவாகவே அகற்றியது. மாலை வேளையில் குறைய வேண்டிய கார்ட்டிசோல் என்னும் சுரப்பும் குறையாமல் நின்றது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வுதான் பலரின் கவனத்தை உறக்கத்தின் பக்கம் திருப்பியது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுவதும், போதும் என்று உணர்த்தும் சுரப்பு குறைவதும் பின்னர் தெரியவந்தன. இரவில் விழித்திருப்பவர் முறுக்கு டின்னைத் தேடுவது வெறும் மனக்கட்டுப்பாடின்மை அன்று.

சுவையான ஒரு முரணும் உண்டு. பழைய ஆயுர்வேத நூலாகிய சரகம், சுகமாக உட்கார்ந்திருப்பதையும் மிகுதியாக உறங்குவதையும் இந்நோய்க்குக் காரணங்களாகக் கூறியது. இன்றைய ஆய்வுகளிலோ மிகக் குறைவாக உறங்குவோர், மிக நீண்ட நேரம் உறங்குவோர் ஆகிய இரு சாராரிடமும் நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகிறது.

நோயும் தன் பங்கிற்கு உறக்கத்தைக் கெடுக்கும். சர்க்கரை ஏறினால் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் எரியும். உடல் பருமனுள்ளோர் சிலருக்கு உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும். பலத்த குறட்டை அதன் அடையாளம். எனவே, சிகிச்சைக்கு முன் உறக்கத்தைக் கெடுப்பது எது என்று மருத்துவர் கண்டறிய வேண்டும். மூச்சுத் தடையுள்ளவருக்குத் தூக்க மாத்திரை தீங்காகக்கூட முடியலாம்.

வாரத்திற்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் உறக்கம் வராமல் தவிப்பதை நாட்பட்ட உறக்கமின்மை என்பர். இதற்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அன்று, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பயிற்சி பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் முடிந்துவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரவுப் பணி செய்து, இப்போது பகல் பணிக்கு மாறிய ஓர் அம்மாவை எண்ணிப் பார்ப்போம். இரவு 9 மணிக்கே படுக்கிறார். காலை 6 மணிக்கு எழுகிறார். ஒன்பது மணி நேரத்தில் அவர் உண்மையில் உறங்குவது ஐந்தரை மணி நேரமே. முதல் இரண்டு வாரங்கள் அவர் செய்ய வேண்டியது, படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிப்பது மட்டுமே. அடுத்துத்தான் வியப்பான அறிவுரை வருகிறது: இன்னும் சீக்கிரம் படுக்கச் சொல்லாமல், நள்ளிரவு 12 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழச் சொல்கிறார்கள்! படுக்கையில் புரளும் நேரம் குறையும்போது உறக்கம் ஆழமாகிறது. படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் உறங்கத் தொடங்கியதும், வாரந்தோறும் 15 நிமிடம் முன்னதாகப் படுக்க விடுகிறார்கள். இருபது நிமிடமளவில் உறக்கம் வராவிட்டால் எழுந்துபோய் வேறிடத்தில் அமர வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. எத்தனை மணிக்கு உறங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. தோட்டத்துப் பெரட்டு மணி செய்ததும் இந்த ஒன்றைத்தான்.

முதல் சில நாள்களில் பகலில் கண் செருகும். ஆகவே, லாரி ஓட்டுபவரும் இயந்திரத்தில் வேலை செய்பவரும் மருத்துவர் மேற்பார்வையின்றி இதைச் செய்யக் கூடாது.

இப்பயிற்சியால் நீரிழிவு உள்ளோரின் உறக்கம் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை அளவைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில ஆய்வுகளில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சற்றுக் குறைந்தது. சிலவற்றில் மாற்றம் தெரியவில்லை. எனவே, நன்றாக உறங்கத் தொடங்கிவிட்டோம் என்று மெட்ஃபோர்மினையோ இன்சுலினையோ தாமாக நிறுத்துவது ஆபத்து. ஆனால், நன்கு உறங்கி எழுந்தவருக்கு மாலையில் நடக்கவும் மருந்தை மறவாமல் எடுக்கவும் தெம்பு இருக்கும்.

இன்சுலின் போடுபவர் நள்ளிரவில் வியர்த்து, நடுங்கி, படபடப்புடன் விழித்தால் அதை உறக்கமின்மை என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம். உடனே விரலில் குத்திச் சோதிக்க வேண்டும். 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் சீனி கலந்த நீரைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும். மறுமுறை கிளினிக்கிற்குச் செல்லும்போது, எந்த இரவில் எத்தனை மணிக்கு இது நடந்தது என்ற குறிப்பு மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். இன்சுலின் அளவை மாற்றுவதற்கு அவருக்கு அது தேவைப்படும்.