சரிவு நிலத்தில் மண் தாங்கும் கற்சுவர்

தென்மேற்குப் பருவமழை கழிந்தபின் டயகம, அக்கரப்பத்தனைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களிலே வயிறு தள்ளி நிற்கும் கற்சுவர்களைக் காண்பது புதிதன்று. சுவர் சரிந்தால் அதன்மேலுள்ள கரட், லீக்ஸ் பாத்தியும் பசளையிட்ட மேல்மண்ணும் கூடவே போய்விடுகின்றன. அம்மண் ஆக்ரா ஓயாவில் இறங்கிக் கொத்மலை ஓயாவைச் சேர்ந்து நீர்த்தேக்கத்திலே படிகின்றது. கல் போதாது என்றும் மேசன் சரியில்லை என்றும் பலர் குறை கூறுவர். பெரும்பாலும் குற்றவாளி இவ்விரண்டுமன்று. சுவரின் பின்னே தேங்கி நிற்கும் நீரேயாம்.

இதனைக் கணக்காற் காட்டலாம். 6 அடி உயரமுள்ள ஒரு சுவரை ஈரம் குறைந்த மண், ஒரு மீற்றர் நீளத்துக்குச் சுமார் 1 தொன் விசையுடன் தள்ளுகின்றது. அதே மண்ணில் நீர் சுவரின் உச்சிவரை நிரம்பிவிட்டால் அவ்விசை சுமார் 2 தொன்னாகின்றது. உயரத்தின் கணக்கோ இதனினும் கடுமையானது. சுவரின் உயரத்தை இருமடங்காக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைப் புரட்டிவிடும் வலு எட்டு மடங்காகும். ஆதலின் 4 அடிக்கு மேற்பட்ட சுவரைத் தம் எண்ணப்படி எழுப்புதல் தகாது. நிலம் அவ்வளவு உயரம் கேட்குமாயின் இரண்டு சிறு படிகளாகப் பிரித்து, இடையில் சுவரின் உயரத்துக்குக் குறையாத அகலமுள்ள மேடையை விடுக.

சுவரின் வரியைக் கண்மட்டத்தாற் குறித்தல் கூடாது. ஏணிக்கால் போன்ற சட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு சமவுயரக் கோட்டைக் குறித்து, அதன்வழியே அத்திவாரம் வெட்டுதல் வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டுவது? மேலேயுள்ள கறுத்த மண்ணையும், முன்னர் வெட்டிக் கொட்டிய மண்ணையும் முற்றாக நீக்கி, அலவாங்கு எளிதில் இறங்காத இறுகிய மண்ணைக் காணும்வரை வெட்டுக. அது ஒன்றரை அடியிலும் கிடைக்கலாம், மூன்று அடியிலும் கிடைக்கலாம். கொட்டிய மண்ணின்மேல் எழுப்பிய சுவர் எத்துணை அழகாயிருப்பினும் ஒரு மழைக்கே உரியது. அத்திவாரக் குழியின் அடி மட்டமாயிராமல் மலைப்பக்கம் சற்றே தாழ்ந்திருப்பின், சுவர் முன்னே வழுக்காது மலையின்மீது சாய்ந்து நிற்கும்.

சீமெந்தின்றி அடுக்கும் கல்லுக்கட்டே மரக்கறி மேடைகளுக்குச் சிறந்தது. செலவு குறைவென்பது மாத்திரமன்று. அதன் ஒவ்வோர் இடுக்கும் நீர் வெளியேறும் வாயிலாகும். அடியின் அகலம் உயரத்தின் பாதிக்குக் குறையலாகாது. முகப்பு 4 அடி உயர்வதற்குள் ஏறத்தாழ ஓர் அடி உட்சாய்ந்து வருதல் நன்று. பெரிய கற்களை அடியில் இடுக. இரு கற்கள் சேருமிடத்தின்மேல் மூன்றாவது கல் அமர வேண்டும். இடுக்குகள் நேர்மேலாக ஒன்றன்மேலொன்று வந்தால் சுவர் அங்கேயே பிளக்கும். இடையிடையே நீண்ட கற்களை நெடுக்காக வையாது, வால் மலைக்குள் புகும்படி குறுக்காக வைத்தல் வேண்டும். பலர் இதனைச் செய்வதில்லை. நீண்ட கல்லை முகப்பிற் படுக்கவைத்தால் வேலை விரைவில் முடியுமன்றோ! சுவரின் பின்புறம் ஓர் அடி அகலத்துக்குச் சல்லியும் உடைகல்லும் இட்டு, அதன்பின்னரே மண்ணை மெல்லிய படைகளாக இட்டு இடித்து இறுக்குக.

சீமெந்துச் சுவர் கட்டுவோர் 3 அங்குலக் குழாய்த் துண்டுகளை 5 அடிக்கு ஒன்றாக, வெளிமுகம் சற்றுத் தாழும்படி பதிக்க வேண்டும். உள்வாயில் சல்லியிடாவிடின் ஓராண்டில் அவை அடைபட்டுவிடும். சுவருக்கு மேற்புறமும் ஒரு கான் வெட்டி, வரும் நீரைப் பாறையுள்ள ஓடைக்குத் திருப்புதல் இன்றியமையாதது. சுவரின் தலையில் மானாப்புல் அல்லது வெட்டிவேர் நடலாம். நெல்வயற் படிகளின் முறை வேறு. அங்கே நீரை நிறுத்துவதே நோக்கமாதலால், மிகுதி நீர் வழியும் வாயிலைக் கல்லாற் கட்டி வரம்பைக் காக்க வேண்டும்.

இவையனைத்தும் மேல்மண்ணைக் காப்பதற்கே போதியவை. மலையே ஆழத்தில் நகரும் இடத்திற் கற்சுவர் பயன்படாது. நகரும் மண்ணோடு சுவரும் நகரும். அத்தகைய இடங்களில் பொறியியலாளர் நிலத்தைத் துளைத்து உருக்குக் கம்பிகளைச் செலுத்தி மண்ணைத் தைக்கின்றனர். அல்லது கொங்கிறீற்றுத் தூண்களைக் கீழுள்ள பாறைவரை இறக்குகின்றனர். அவர்களும் நீரை மறப்பதில்லை. ஹற்றனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் 1992இல் புகையிரதப் பாதை செல்லும் சரிவு நகர்ந்தபோது, அதனை அடக்குவதற்கு மலைக்குள் துளையிட்டு நிலத்தடி நீரை வெளியேற்றினர்.

லயத்தின் பின்புற மேட்டை வெட்டிப் பாத்தியோ மாட்டுத்தொழுவமோ அமைப்பது மிகவும் ஆபத்தானது. சரிவின் அடிக்கால் அதன் மேற்பாகத்தைத் தாங்கி நிற்பது. அதனை வெட்டியவர் தம் வீட்டின்மேல் மலையைத் தொங்கவிட்டவராவர். ஏற்கெனவே வெட்டியிருப்பின் தாமே சுவர் எழுப்ப முற்படாது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை நாடுக. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை லயங்கள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மழையிலும் மலைநாட்டின் பல இடங்கள் சரிந்தன.

நிலத்திற் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், கதவு இறுகுதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் காரணம் தேடிக்கொண்டிராது உடனே வெளியேறுக. மழையையும் அளந்துகொள்ளலாம். பக்கங்கள் நேரான தகரப்பேணியொன்றைத் திறந்த வெளியில் வைத்து, நிரம்பிய நீரை அடிமட்டத்தால் அளந்தாற் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம், பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரில் புறப்பட ஆயத்தமாகுக. 150 மில்லிமீற்றரானால் சரிவின்கீழ் ஒருவரும் தங்கலாகாது. இரவாயினும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.