யாரைப் பார்த்து வளர்கிறோம்?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தமிழ் வகுப்பில் இரண்டு நாள்களாக இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. வலக்கை மேசைக்கு அடியில் மறைந்திருந்தது. அருகில் சென்று பார்த்தேன். மணிக்கட்டு வீங்கிக் கன்றியிருந்தது. கபடி ஆடுகையில் கீழே விழுந்திருக்கிறான். “வீட்டில் சொன்னாயா?” என்று கேட்டேன். “வலியை வெளியே சொல்பவன் ஆண்மகன் அல்லன், ஐயா” என்றான். அன்று மாலை மருத்துவர் எலும்பு முறிந்திருப்பதைக் கண்டு மாவுக்கட்டு இட்டார்.

அது அவனுடைய சொல் அன்று. அவன் தந்தையின் சொல்லும் அன்று. மாற்றலாகி வந்த ஊரில் அண்டை அயலாரிடம் கூட மெதுவாகப் பேசுபவர் அவர். கைப்பேசியில் குறுங்காணொளிகள் வெளியிடும் ஒருவரிடமிருந்து அச்சொல் வந்திருந்தது. முதலில் அவர் தண்டால் எடுக்கும் முறையைக் கற்பித்தார். அது பயனுள்ளதே, குறை கூற ஒன்றுமில்லை. பின்னர், ஆண் என்பவன் எப்படி இருக்கவேண்டும் என்று பேசினார். அதன்பின், பெண்களை எவ்வாறு அடக்கிவைக்கவேண்டும் என்றும் பேசலானார். என் மாணவன் தேடிச் சென்றது தண்டாலை மட்டுமே. மற்றவை அவனைத் தேடி வந்தன.

அவை எவ்வாறு தேடி வருகின்றன? நாம் எதை விரும்புவதாகச் சொல்கிறோம் என்பதைவிட, எதில் எவ்வளவு நேரம் கண் பதிக்கிறோம் என்பதையே செயலி மிகுதியும் கணக்கிடுகிறது. ஒரு காணொளியை முழுதும் பார்த்தோமா, மீண்டும் பார்த்தோமா, நண்பருக்கு அனுப்பினோமா என அனைத்தும் பதிவாகின்றன. அல்காரிதம் எனப்படும் கணிப்பு நெறிமுறை அவற்றைக் கொண்டு அடுத்த காணொளியைத் தேர்ந்தெடுக்கிறது. நாம் எவ்வளவு நேரம் தங்குகிறோமோ அவ்வளவு விளம்பரங்கள், அவ்வளவு வருவாய். நல்லது எது, தீயது எது என்பது அக்கணக்கில் இல்லை. சினமும் ஏளனமும் வீறாப்பும் கண்ணை எளிதில் நிறுத்திவிடுகின்றன. எனவே அவை மேலும் மேலும் வருகின்றன. ஒரே குடியிருப்பில் வாழும் இரு நண்பர்கள் கைப்பேசிகளை மாற்றிப் பார்த்தால், இருவேறு உலகங்களைக் காண்பர்.

ஒரு செயலியை விலக்கிவிட்டால் இது தீர்ந்துவிடுமா? 2020 ஜூன் மாதத்தில் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. அதன் காரணம் வேறு. ஆயினும் அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அங்கே குடியேறின.

உங்களைப் போல் தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்குக் கைப்பேசி பெரும் துணை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஊரிலுள்ள பாட்டியின் முகத்தை அதில்தான் பார்க்கிறீர்கள். என் மகனை நானும் வாரநாள்களில் அதில்தான் பார்க்கிறேன். ‘கெத்து’ என்னும் சொல்லை உங்களுக்கு நான் கற்பிக்கவில்லை, எல்லாரும் அறிந்திருக்கிறீர்கள். ‘மாண்பு’ என்னும் சொல்லைத்தான் மூன்று முறை விளக்கவேண்டியிருந்தது.

இனி வேறொரு சிறுவனைப் பார்ப்போம். 2013 நவம்பரில் சென்னையில் உலகச் சதுரங்க வாகையர் போட்டி நடைபெற்றது. விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டின் மாக்னஸ் கார்ல்சனும் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து ஆடினர். பார்வையாளர் வரிசையில் ஏழு வயது குகேஷ் இருந்தார். அறைக்குள் ஒருநாள் தாமும் அமரவேண்டும் என்று அப்போது எண்ணியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அப்போட்டியில் ஆனந்த் தோற்றார். குறுங்காணொளி நாயகர்கள் தோற்பதில்லை. தோற்ற பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். குகேஷ் தம் முன்மாதிரியின் தோல்வியையும் கண்டு வளர்ந்தவர். பின்னர் ஆனந்தே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார்.

கருவியை அவர் கையாண்ட விதமும் வியப்புக்குரியது. இக்காலச் சதுரங்கத்தில் சரியான நகர்வைக் கணினி நொடியில் காட்டிவிடும். ஆனால் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டுதலால், 2019-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும்வரை குகேஷ் கணினியின் துணையை நாடவில்லை. தாமே எண்ணி, தாமே தவறினார். அப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பன்னிரண்டு.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையரானார். 1985-இல் இருபத்திரண்டு வயதில் காஸ்பரோவ் நிகழ்த்திய சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. வென்றவுடன் குகேஷ் என்ன செய்தார் தெரியுமா? பலகையில் காய்களைப் பழையபடி அடுக்கினார். கண்ணீர் விட்டு அழுதார். கைப்பேசிகளே அக்காட்சியை உலகெங்கும் கொண்டுசென்றன.

மாவுக்கட்டு இட்ட கையுடன் அமர்ந்திருந்த மாணவனுக்கும் மற்றவர்க்கும் அக்காணொளியை வகுப்பில் காட்டினேன். எவரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவன் கேட்டான்: “வென்றபின் ஏன் ஐயா அழுகிறார்? எல்லாரும் பார்க்கிறார்களே?” நான் விடை கூறவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மறைப்பதற்கு அவருக்கு என்ன இருக்கிறது?” என்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பின்பு திரையைப் பார்த்தான். “இன்னொரு முறை போடுங்கள், ஐயா” என்றான்.

சொற்பொருள்

வாகையர் – வெற்றியாளர். வீறாப்பு – தற்பெருமை கலந்த முறுக்கு. கன்றுதல் – அடிபட்ட இடம் நிறம் மாறுதல். மாண்பு – பெருமை, சிறப்பு.

பயிற்சி

1. ‘ஆண்மகன் அல்லன்’, ‘அவனுடைய சொல் அன்று’ – இத்தொடர்களில் அல்லன், அன்று என்னும் சொற்கள் வேறுபட்டு வரக் காரணம் யாது? ‘அல்லள்’, ‘அல்ல’ ஆகியவற்றை அமைத்து இரு தொடர்கள் எழுதுக.

2. மாணவி கூறிய விடை உங்களுக்கு உடன்பாடா? இல்லையெனில் நீங்கள் என்ன கூறியிருப்பீர்கள்?

3. நண்பர் ஒருவரின் கைப்பேசியில் முதலில் தோன்றும் ஐந்து காணொளிகளையும் உங்களுடைய ஐந்தையும் ஒப்பிட்டு எழுதுக. (நண்பரின் இசைவு பெறுக.)

4. உங்கள் வயதில் அப்பாவோ மாமாவோ யாரைப் போல ஆக விரும்பினார்? அவரிடமே கேட்டு, அவர் சொன்னவாறே எழுதிக் கொண்டுவருக. ஊர்ப்பேச்சு வழக்கில் இருப்பினும் திருத்த வேண்டா.