கட்டம் போட்ட துணி சொல்லும் பாடம்



உலகமயமாதல் என்றதும் நம்மில் பலருக்கும் ஒரே பயம்தான். வெளிநாட்டுப் பொருள் வந்துடும், நம்ம பண்பாடு போயிடும்! டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கும் மாணவன் என்ற முறையில், ஒரு துணியின் கதையை வைத்தே இதை அலச விரும்புகிறேன்.

கடல் கடந்த கட்டம்

பாவிலும் ஊடையிலும் வண்ண நூல்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கட்டம் விழும். சோழமண்டலக் கரையில் கைத்தறியில் நெய்த இந்தக் கட்டத் துணிக்கு வெளிநாட்டில் 'மெட்ராஸ்' என்றே பெயர். ஐரோப்பிய வணிகர்கள் இதை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்க இதையும் விலையாகக் கொடுத்தார்கள். உலக வாணிபத்தின் இந்தக் கொடுமையான பக்கத்தை நாம் மறந்துவிடலாகாது.

அறுத்தெடுத்த அழகு

நைஜீரியாவில் நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். வாங்கினோம், உடுத்தினோம் என்று அவர்கள் நிற்கவில்லை. பெண்கள் ஊசியால் சில நூல்களைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுப்பார்கள். பழைய கட்டத்துக்குள் புது டிசைன் பிறக்கும்! அதன் பெயர் 'பெலெட்டே பிட்டே', அதாவது வெட்டிய துணி. 'நல்ல துணியைப் பாழாக்கிட்டாங்களே' என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அது இன்று அவர்களுடைய சொந்தத் துணி. இறுதிச் சடங்கில்கூட அதற்குத் தனி மரியாதை உண்டு. அவர்கள் ரசனைக்கேற்ற கட்டங்கள் இங்குள்ள தறிகளிலும் நெய்யப்பட்டன. ஆக, செல்வாக்கு இரு வழியிலும் போயிருக்கிறது.

சாயம் போன கதை

1958இல் அமெரிக்கா போன மெட்ராஸ் சட்டைகள் துவைத்ததும் சாயம் போயின. பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசணும் என்ற விவரத்தை வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புகார் குவிந்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 'சாயம் போகும், உத்தரவாதம்' என்று குறையையே விளம்பரமாக்கிவிட்டார்கள்! 1960களில் அங்கே கல்லூரி மாணவர்களிடையே அதுவே ஃபேஷனாயிற்று. துணிக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. நெய்தவரை யார் கேட்டார்கள்?

நமக்கு என்ன?

பொருள் உலகம் சுற்றும். போகிற இடத்தில் அதன் அர்த்தம் மாறும். அதில் தவறில்லை. மாற்றும் உரிமை யார் கையில் என்பதுதான் கேள்வி. கலபாரிப் பெண்ணின் கையில் பிளேடு இருந்தது. அதனால் வந்த துணியைத் தன்னுடையதாக்கிக் கொண்டாள்.

நாளை நாமும் மில்லுக்கும் ஏற்றுமதி கம்பெனிக்கும் போகப் போகிறோம். பையர் அனுப்பும் சாம்பிளை அப்படியே செய்து கொடுத்தால் கூலி மட்டுமே மிஞ்சும். சாயத்தையும் டிசைனையும் முழுசாகக் கற்போம். நம்ம யோசனையையும் சேர்த்து நெய்து அனுப்புவோம், வாங்க!