அழுகைக்குக் காரணம் பலவீனம் அல்ல

கேள்வி: என் மகள் தனியார் மருத்துவமனையில் செவிலியர். நைட் டியூட்டி முடிந்து வந்தும் தூங்காமல் அழுகிறாள். மனதைத் திடப்படுத்திக்கொள் என்கிறேன். சரிதானா?
– ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. குறை அவர் மனதில் இல்லை, வேலை பிரிக்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஒரு படுக்கையில் டிரிப்ஸ் தீர்ந்திருக்கும். அடுத்த படுக்கையில் உறவினர் சத்தம் போடுவார். கேஸ் ஷீட் எழுதாமல் கிடக்கும். பொறுப்பெல்லாம் அவருக்கு, முடிவெடுக்கும் உரிமை யாருக்கோ.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு: செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்குச் சட்டப்படி உச்சவரம்பே உண்டு.

ஷிப்ட் பட்டியல் முன்கூட்டியே வேண்டும், தொடர் நைட் குறைய வேண்டும் என்று சக செவிலியர்களோடு சேர்ந்து எழுதிக் கேட்கட்டும். அழுகை நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் தொலைபேசி மனநல சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416. அதுவரை அறிவுரை வேண்டாம், அருகில் உட்காருங்கள்.