விஆர் பூங்கா: டிக்கெட் எடுக்கும் முன்

ஹெட்செட்டை மாட்டினால் அதலபாதாளம். கழற்றினால் ஏசி ஹால். உள்ளரங்க விஆர் (மெய்நிகர் உண்மை) பூங்காவுக்குக் கொடுக்கும் பணம் தகுமா? இவற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

● வீட்டில் கிடைக்காத அனுபவமா? டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 2017 முதல் 2019 வரை இயங்கிய ‘விஆர் ஜோன்’ அரங்கில் ஒரு விளையாட்டு: 200 மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் நடந்துபோய், நுனியில் நிற்கும் பூனைக்குட்டியை மீட்க வேண்டும். உயரம் பொய், காலுக்கடியில் இருந்த பலகை நிஜம். கால் வெடவெடத்ததற்கு அதுவே காரணம். வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் வீட்டு ஹெட்செட்டே போதும்.

● ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு? விஆர் ஜோனில் 4 விளையாட்டுகளுக்கு 4,400 யென் வாங்கினார்கள். அதாவது ஒன்றுக்கு 1,100. ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. இப்படி வகுத்துப் பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். வரிசையில் காத்திருக்காமல் ஆட, கூட்டம் குறைந்த வார நாள் உத்தமம்.

● வயது வரம்பு: அந்த அரங்கில் 13 வயதுக்குட்பட்டோருக்கு விஆர் அனுமதிக்கப்படவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

● தலைசுற்றல்: உடல் ஓடுவதாகக் கண் சொல்லும், அசையவில்லை என்று உட்காது சொல்லும். இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரோலர் கோஸ்டர் வகையைத் தவிர்த்து, நடந்து ஆடும் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட்டைத் தொடக் கூடாது.

● மூக்குக்கண்ணாடி: அகலமான ஃபிரேம் ஹெட்செட்டுக்குள் இடிக்கும், சிறிய ஃபிரேம் வசதி.